இருபது பேருக்கா, இரண்டு பேருக்கா? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நலமா? நான் மதுரை மேலூர்ப் பக்கம். உங்கள் பறவைக் குறிப்புகளை விடாமல் வாசிக்கிறேன். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு ஒன்றாகப் படித்த நாங்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். இங்கே அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வரக்கூடாது என்று போராட்டம் நடந்தபோது நாமும் ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச்சு வந்து, இப்போது மூன்றரை லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் நண்பர்கள்தான் பெரும்பகுதி போட்டார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் சுற்றுச்சூழல், காட்டுயிர் சம்பந்தமாகப் படிக்க இதை உதவித்தொகையாகக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். பள்ளி ஆண்டு விழாவில் நல்ல மதிப்பெண் எடுத்த இருபது பேருக்கு ஆளுக்குப் பத்தாயிரம் கொடுத்துவிட்டு மிச்சத்தை வங்கியில் போட்டுவைக்கலாம் என்பது பலருடைய யோசனை. ஒரு நண்பர், "காட்டைப் படிச்சுட்டு என்ன வேலைக்குப் போவாங்க? நர்சிங் படிக்கிற பிள்ளைக்குக் கொடுங்கப்பா" என்கிறார். என்ன படிப்பு, எங்கே இருக்கிறது, எப்படிக் கொடுத்தால் உருப்படியாக இருக்கும் என்று சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு பேருக்குக் கொடுங்கள். இருபது பேருக்கு வேண்டாம். ஆண்டு விழா மேடையில் வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

பிளஸ் டூ முடித்த பிள்ளை அரசு கலைக் கல்லூரியில் விலங்கியலோ தாவரவியலோ சேர்ந்தால் வருடக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குத் தனியாக உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு 2022இலிருந்து புதுமைப் பெண், பையனுக்கு 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. சில சமயம் உதவித்தொகை வருடக் கடைசியில்தான் வந்து சேரும், அதுவரை வீட்டில் கடன் வாங்குவார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் இளங்கலை வரைக்கும் எப்படியோ தாட்டிவிடுகிறார்கள். நீங்கள் கொடுக்க நினைக்கும் பத்தாயிரம் அங்கே போனால், ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் பணத்தோடு இன்னொரு பத்தாயிரமாகச் சேரும். வீட்டில் கேஸ் அடுப்பு மாற்றுவார்கள், அல்லது வட்டி கட்டுவார்கள். தப்பில்லை. ஆனால் அதனால் ஒரு பிள்ளைகூடக் காட்டுயிர்ப் படிப்புக்கு வரப்போவதில்லை.

படிப்பு எங்கே என்று கேட்டீர்கள். பிளஸ் டூ முடித்த கையோடு என்றால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி. வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வு வழியாகச் சேர வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அதற்கும் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது உங்கள் பள்ளி ஆசிரியர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று விசாரித்துப் பாருங்கள். முதுகலை என்றால் மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி, ஊட்டி அரசு கலைக் கல்லூரி இரண்டிலும் வனவுயிரியல் இருக்கிறது. வெளியே போவதென்றால் டேராடூனில் இந்திய வனவுயிர் நிறுவனம், 1988இலிருந்து முதுகலை நடத்துகிறது. பெங்களூரு தேசிய உயிர் அறிவியல் மையத்தில் 2004இலிருந்து ஒரு படிப்பு இருக்கிறது. இந்தக் கடைசி இரண்டும்தான் நாட்டிலேயே பெரிய பெயர். நுழைவுத் தேர்வு, அப்புறம் நேர்காணல். எடுக்கும் ஆட்களோ ஒரு மினி பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். பெங்களூரில் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் சேர்க்கை வேறு. இந்த முறை தவறினால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். உசிலம்பட்டியிலோ கொட்டாம்பட்டியிலோ எந்த வீட்டில் பட்டம் வாங்கிய பிள்ளையை இரண்டு வருடம் சும்மா உட்காரவைத்துச் சோறு போடுவார்கள்? விளக்குத்தூண் பக்கம் ஏதாவது ஜவுளிக்கடையில் சேர்த்துவிடுவார்கள்.

உங்கள் பணம் போக வேண்டிய இடம் இதற்கும் அடுத்து வருகிறது.

அழகர்மலை அடிவாரத்து ஊர்ப் பையன் ஒருவன் என்னிடம் படித்தான். அப்பா கிடை போடுகிறவர். தேவாங்கு தேடி ராத்திரி நடக்கும்போது டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடிப் பேப்பரைக் கட்டிக்கொள்வோம், அதன் கண் கூசாமல் இருக்க. நாங்கள் வெளிச்சத்தை வீசிவிட்டு, "அதோ கண்ணு" என்போம். அவன் பார்க்கக்கூட மாட்டான். "அது பக்கிக் குருவி மேடம், தரையில இருக்கு பாருங்க. தேவாங்குன்னா கிளையில இருக்கும், ரெண்டு கண்ணும் சேந்து தெரியும், வெளிச்சம் பட்டாலும் பதறாது" என்பான். சொன்னால் சொன்னதுதான். புத்தகத்தில் படித்ததல்ல, ஆட்டுக்குக் காவலிருந்த ராத்திரிகளில் பழகிய கண். முதுகலை முடித்ததும் வெளிமாநிலத்தில் ஆறு மாதக் கணக்கெடுப்பு ஒன்றுக்கு அவனைக் கூப்பிட்டார்கள். சாப்பாடு, தங்க இடம் இலவசம். சம்பளம் கிடையாது. பைனாகுலரும் மடிக்கணினியும் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். அவன் போகவில்லை. இப்போது பைக்கில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்குத் தவணை வசூலிக்கிறான். அவனுக்குப் பதிலாகப் போனது, வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் வரும் ஒரு நகரத்துப் பிள்ளை. அந்தப் பிள்ளை மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே வேலை செய்தது.

இந்தத் துறையில் வாசல் இப்படித்தான் இருக்கிறது. முதுகலை முடித்தவுடன் யாரும் வேலை தருவதில்லை. ஓரிரண்டு வருடம் யாருடைய ஆய்விலாவது களத்தில் நின்று பழக வேண்டும். 'தன்னார்வலர்', 'பயிற்சியாளர்' என்று அழகான பெயர் வைப்பார்கள், கையில் காசு வராது. அந்த அனுபவத்தைக் காட்டித்தான் அடுத்த வேலை. இடையில் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி இளநிலை ஆய்வாளர் ஆகிவிட்டால் மாதம் 37,000 ரூபாய், 2023இல் உயர்த்தினார்கள். பட்டியலினப் பிள்ளைகளுக்கும் பழங்குடியினருக்கும் தனித் தேசிய உதவித்தொகையும் உண்டு. அங்கே போய்ச் சேர்ந்தவர்களுக்கு உங்கள் பணம் தேவையே இல்லை. அதற்கு முந்தைய அந்த ஒன்றரை வருடத்துக்கு அரசிடம் அநேகமாக ஒன்றுமில்லை, தனியார் அறக்கட்டளைகளிலும் மிகக் கொஞ்சம். ஏழை வீட்டுப் பிள்ளை கழன்றுகொள்வது அங்கேதான்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. ரவி சங்கரன் என்று ஒரு பறவையியலாளர் இருந்தார், ஆனைகட்டி சாலிம் அலி மையத்தின் இயக்குநர். அந்தமான் குகைகளில் கூடுகட்டும் உழவாரக் குருவிகளுக்காக வருடக்கணக்கில் உழைத்தவர், 2009இல் காலமானார். அவர் பெயரில் இன்லாக்ஸ் அறக்கட்டளை ஆரம்பித்த உதவித் திட்டத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கு மட்டுமில்லாமல் களப் பயிற்சிக்கும் சிறு ஆய்வுகளுக்கும் பணம் ஒதுக்கினார்கள். விஷயம் தெரிந்தவர்கள் வகுத்த திட்டம் என்று பார்த்தாலே தெரியும். உங்கள் மூன்றரை லட்சத்தில் அதன் மேலூர் வடிவம் ஒன்றைச் செய்ய முடியும்.

கணக்கைப் பாருங்கள். இரண்டு பேர், மாதம் 7,000, பதினெட்டு மாதம். மொத்தம் 2,52,000. மிச்சம் 98,000. அதில் இரண்டு பைனாகுலர், சுமாரானது ஆளுக்குப் பத்தாயிரத்துக்குள் வரும். நல்ல ஷூ, மேகமலைப் பக்கம் போனால் அட்டைக்குக் காலுறை. தேர்வுக் கட்டணங்கள். ரயில் டிக்கெட், மதுரையிலிருந்து டெல்லி போய்ச் சேரவே கிட்டத்தட்ட இரண்டு நாள், அதற்கப்பால் டேராடூன். விபத்துக் காப்பீடு கண்டிப்பாக எடுங்கள், பாம்புக்கடி அதில் அடங்குமா என்று கேட்டு எடுங்கள். பழைய மடிக்கணினி ஒன்று குழுவில் யாரிடமாவது சும்மா கிடக்கும், கேட்டு வாங்குங்கள். அப்படியும் ஒரு தொகை மிஞ்சும். அதை அவசரத்துக்கு வையுங்கள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகும், வீட்டுக்கு வா என்று போன் வரும். அந்த நேரத்தில் ஐயாயிரம் கைக்கு வந்தால் பிள்ளை ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பும். வராவிட்டால் திரும்பாது.

மாதம் பிறந்தவுடன் பிள்ளையின் கணக்கில் போட்டுவிடுங்கள். செலவு செய்துவிட்டு ரசீது கொடு, அப்புறம் தருகிறோம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். முதலில் செலவு செய்யக் காசு இருந்தால் அவன் ஏன் உங்களிடம் வருகிறான்? மலையடிவார டீக்கடையில் யார் ரசீது போடுகிறார்கள்?

ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? மதிப்பெண் பட்டியலை ஓரமாக வையுங்கள். சொந்த ஊரில் தான் பார்த்த ஏதாவது ஓர் உயிரைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆந்தையோ அரணையோ ஆனைகொண்டான் கண்மாய்க்கு வரும் வாத்தோ எதுவானாலும் சரி. நெட்டில் எடுத்து எழுதியதா, கண்ணால் பார்த்து எழுதியதா என்று இரண்டாவது வரியில் தெரிந்துவிடும். அப்புறம் ஒருநாள் காலை ஏதாவது கண்மாய்க் கரையில் கூட நடங்கள். நான் வருகிறேன், தை மாதத்துக்குள் வைத்துக்கொண்டால் வலசைப் பறவைகளும் இருக்கும். வருமானச் சான்றிதழைக் கேளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். வீட்டில் முதல் பட்டதாரியா, அப்பாவோ அம்மாவோ இல்லாத பிள்ளையா, மாடு மேய்த்துக்கொண்டே படித்ததா என்று ஊரில் விசாரித்தால் ஒரு சான்றிதழிலும் இல்லாதது தெரியும்.

வெளியே படிப்புக்கோ களவேலைக்கோ போனால் நேர்காணல் ஆங்கிலத்தில்தான் இருக்கும். நம் பிள்ளைகள் மண்டிபோடுவது இங்கேதான். அந்த அழகர்மலைப் பையனையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் தேவாங்கைப் பற்றி இரண்டு வாக்கியம் வந்திருக்காது. உங்கள் சிங்கப்பூர் நண்பர்கள் பணம் போட்டதோடு நிற்காமல் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் வீடியோவில் பேசிப் பழக்கட்டும். பணத்தைவிட அதுதான் கூடுதலாக உதவும் என்றுகூடச் சொல்வேன்.

இரண்டில் ஒன்று பெண்ணாக இருக்கட்டும். "பொம்பளப் புள்ளையக் காட்டுக்கு அனுப்பவா?" என்று வீட்டில் முதல் நாளே முடித்துவிடுவார்கள். உங்கள் குழுவில் இருக்கும் பெண்கள் இருவர் அந்த வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேச வேண்டும், ஆண்கள் போனால் வேலைக்காகாது. எங்கே தங்குவாள், யாரோடு போவாள், போன் கிடைக்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விகள். முகாமில் கழிப்பறை இருக்கிறதா என்பது உட்பட எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு போங்கள். முதல் தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டுபோய் இடத்தைக் காட்டிவிட்டு வர அந்த மிச்சப் பணத்தில் பஸ் செலவு வையுங்கள்.

வேலை என்ன என்று கேட்ட நண்பருக்கு மழுப்பாமல் சொல்லிவிடலாம். சம்பளம் ஐ.டி. மாதிரி வராது, வேலைகளும் குறைவு. வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்கள் இப்போது குரூப் 4 தேர்வுக்குள் வந்துவிட்டன. மத்தியத் தேர்வாணையத்தின் இந்திய வனப்பணித் தேர்வு இருக்கிறது. ஆய்வு நிறுவனங்கள், கல்லூரி ஆசிரியர் பணி, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் கம்பெனிகள் என்று சில வழிகள் உண்டு. நர்சிங் பிள்ளைக்கு உதவ ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள், இருக்கட்டும். இந்தப் பிள்ளைக்கு யாரும் இல்லை.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். லகர் வல்லூறு, தேவாங்கு, அலங்கு என்கிற எறும்புதின்னி, கிட்டத்தட்ட 250 வகைப் பறவைகள் என்று அதற்குச் சொன்ன காரணங்களுக்குப் பின்னால், உள்ளூர்க்காரர்களும் மதுரைப் பறவை ஆர்வலர்களும் வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து எழுதிய பட்டியல்கள் இருக்கின்றன. 2024இல் ஏலம் விட்ட டங்ஸ்டன் பகுதி 2,015 ஹெக்டேர். அந்த 193உம் அதற்குள் இருந்தது. முதலில் அந்த 193ஐ மட்டும் விலக்குவது பற்றித்தான் டெல்லியில் யோசித்தார்கள். ஊர் ஒப்புக்கொள்ளவில்லை, 2025 ஜனவரியில் ஏலமே ரத்தானது. மீதி 1,800 ஹெக்டேருக்கு மேல் இருக்கிறதே, அந்தக் கரடுகளிலும் கண்மாய்களிலும் என்னென்ன இருக்கிறது என்று யார் எழுதிவைப்பது? டேராடூனிலிருந்து ஆள் வந்து ஒரு வாரம் தங்கி எழுதினால் போதுமா? இங்கே பிறந்து, படித்துவிட்டுத் திரும்பி வரும் இரண்டு பேர் வேண்டும். உங்கள் நண்பர் போராட்டத்துக்கு வந்திருப்பார், அவருக்கு இது புரியும்.

கடைசியாக, டிரஸ்ட் பதிவு, லெட்டர்பேடு என்று இப்போதே இறங்காதீர்கள். குழுவில் இரண்டு பேர் பெயரில் கூட்டுக் கணக்கு போதும், வரவுசெலவை மாதாமாதம் வாட்ஸப்பில் போட்டுவிடுங்கள். பின்னால் டிரஸ்ட் ஆக்குவதாக இருந்தால் ஒரு விஷயத்தை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சிங்கப்பூர் நண்பர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே இருந்தால் அவர்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து அனுப்பும் பணத்தில் சிக்கல் இல்லை. யாராவது அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும், டிரஸ்ட் அதைத் தொடுவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். யார் யார் எந்தப் பாஸ்போர்ட் என்று இந்த வாரமே குழுவில் கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா