தாளடி வயலில் மஞ்சள் பட்டைகள்

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஆறு மாவில் (ஒரு மா ஏறத்தாழ மூன்றில் ஒரு ஏக்கர்), குறுவை நெல்லை அறுத்தபின் வரும் இரண்டாம் போகமான தாளடிக்கு, ஆடுதுறை 46 நெல் நட்டு 24 நாள்கள் ஆகின்றன. வரப்பில் நின்று பார்த்தால், கோரைப்பாயின் கோடுகளைப்போல ஒரு பட்டை பச்சையும் ஒரு பட்டை மஞ்சளுமாக வயல் நெடுக ஓடுகிறது. துத்தநாகக் குறையும் பூஞ்சாணமும் சேர்ந்திருப்பதாகச் சொல்லி உரக்கடைக்காரர் மூன்று பாட்டில்கள் கொடுத்திருக்கிறார். நாளை தெளித்துவிடலாமா?

பதில்: தெளிக்க வேண்டாம், பாட்டில்களைத் திறக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நோய் திட்டுத் திட்டாகப் பரவும். துத்தநாகக் குறையும் நீர் தேங்கும் பள்ளங்களில் திட்டாகத்தான் தெரியும். சம இடைவெளியில் நேர்கோடாக ஓடுவது, மனிதரோ இயந்திரமோ போட்ட கோடு. வயலை வந்து பாராமல் கல்லாவில் உட்கார்ந்தபடி நோய்க்குப் பெயர் வைப்பவர், கையிருப்பில் உள்ள சரக்குக்கு ஏற்றபடிதான் பெயர் வைப்பார்.

குறுவையை எப்படி அறுத்தீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. இயந்திரத்தால் அறுத்து, அது பின்னால் வரிசையாகத் தள்ளிய வைக்கோலை அள்ளாமலே சேற்றில் மடக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு என்பதால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்குரிய தழைச்சத்தைச் சில வாரங்களுக்குத் தாமே எடுத்துக்கொள்கின்றன; வைக்கோல் வரிசை விழுந்த இடம் மஞ்சளாவது அதனால்தான். மஞ்சள் பட்டையின் நடுவிலிருந்து அடுத்த மஞ்சள் பட்டையின் நடுவரை அளந்து, இயந்திரத்தின் வெட்டு அகலத்தோடு ஒப்பிடுங்கள். மஞ்சள் பட்டையில் காலை அழுத்தி மிதித்தால் சேற்றிலிருந்து குமிழிகள் கிளம்பும்; ஒரு நெற்குத்தைப் பிடுங்கினால் வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பச்சைப் பட்டையில் இவை இல்லையென்றால் ஐயமே வேண்டாம்.

தண்ணீரை வடித்து இரண்டு மூன்று நாள்கள் காற்றோட்டம் கொடுத்துவிட்டு, மழை மூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, மாவுக்கு 7 கிலோ யூரியா என்ற கணக்கில் மஞ்சள் பட்டைகளுக்கு மட்டும் போடுங்கள். பச்சைப் பட்டைகளுக்கு இலை வண்ண அட்டையை (இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையை அறியும் அட்டை) பார்த்துப் பிறகு போடலாம். இப்போதே அள்ளி வீசினால் இலைச்சுருட்டுப் புழுவை நீங்களே அழைத்ததாகும்.

நான் ஓயாமல் சொல்லிவருவது ஒன்று உண்டு: வைக்கோலைப் பரப்பாமல் ஏர் ஓட்டக் கூடாது. மணிக் கணக்கில் வாடகை ஓடுகிறது என்று ஓட்டுநரை அவசரப்படுத்திவிட்டு, அந்த மிச்சத்தைப்போல் பல மடங்கை உரக்கடையில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். வாடகை பேசும்போதே வைக்கோலைச் சிதறவிடும் வண்டியாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கட்டுக் கட்டி மாடு வைத்திருப்பவருக்குக் கொடுங்கள், அதுவும் முடியாவிட்டால் அறுத்த அன்றே ஆள்விட்டு உதறிப் பரப்புங்கள். கொளுத்துவது மட்டும் கூடாது. வைக்கோலில் உள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும்.

யூரியா போட்டு ஒரு வாரத்துக்குப் பிறகும், பச்சைப் பட்டை உட்பட எங்கும் இளம் இலைகளின் அடியில் நடுநரம்பு வெளுத்துத் தெரிந்தால், அப்போது 0.5 சதவீதத் துத்தநாக சல்பேட்டை 1 சதவீத யூரியாவுடன் கரைத்துத் தெளிக்கலாம்.