பதினைந்து வருஷ அட்மினுக்கு எங்கே பாடம்? – கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் முக்கால்வாசி பழைய வடஆற்காட்டுப் பக்கத்திலிருந்து. ஆம்பூர், வாலாஜா, குடியாத்தம், வேலூர் என்று கம்பெனி சர்வர்களைக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்காக மாரடிப்பவர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றைத்தான்: புதிதாக வருகிறவனுக்கு ஆயிரம் வழி இருக்கிறது, எங்களுக்கு என்ன இருக்கிறது?

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினான்கு வருஷமாக சர்வர் பார்க்கிறேன் சார். எந்த வீடியோ கோர்ஸைத் திறந்தாலும் ‘ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் எங்கே படிப்பது?

கோர்ஸ் போடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. வாங்குகிறவர்களில் புதியவர்கள்தான் அதிகம், கடையும் அவர்களுக்காகத்தான் விரிக்கப்படுகிறது. உங்களுக்கு இப்போது தேவை, மற்றவர்கள் வீட்டில் நடந்த பழுதுகள். பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர் விழுந்த கதையைத் தாங்களே எழுதி வெளியிடுகின்றன. ‘போஸ்ட்மார்ட்டம்’ என்று பெயர். கம்ப்யூட்டர் துறையில் இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது, அதுவும் இலவசம்.

முதலில், புரோகிராமர்கள் கோட் வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் 2017 ஜனவரி 31 அறிக்கையைத் தேடிப் படியுங்கள். டேட்டாபேஸ் ரெப்ளிகேஷனில், அதாவது ஒரு சர்வரின் டேட்டாவை இன்னொன்றுக்கு நகலெடுத்துக்கொண்டே இருப்பதில், சிக்கல். ராத்திரி நேரம், களைத்துப்போன ஒரு இன்ஜினியர். இரண்டாவது சர்வரில் அழிக்க வேண்டிய டைரக்டரியை முதல் சர்வரில் அழிக்க ஆரம்பித்துவிட்டார். ஓரிரு விநாடியில் தெரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி-யில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால் அங்கேதான் கதையே. தினசரி டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுக்கும் புரோகிராம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரின் 9.2 வெர்ஷன், ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் 9.6. வெர்ஷன் பொருந்தாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்களை டிமார்க் என்ற போலி மெயில் தடுப்புச் சோதனையில் மெயில் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறு ஏதோ வேலைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த ஒரு எல்விஎம் ஸ்னாப்ஷாட்தான் (டிஸ்கின் அந்த நேரத்து நிலையின் நகல்) அவர்களைக் காப்பாற்றியது. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள், அந்தத் தைரியம் பெரிசு.

இதைக் கதையாகப் படித்துவிட்டு மூடி வைத்தால் பிரயோஜனம் இல்லை. பாதியில் நிறுத்துங்கள். ‘நானாக இருந்தால் அடுத்து எந்த கமாண்ட் அடித்திருப்பேன்?’ என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்புறம் மீதியைப் படியுங்கள். முடித்ததும் உங்கள் கம்பெனியில் பேக்கப் தோற்றால் வரும் மெயில் நிஜமாகவே யாருடைய பெட்டிக்கு வருகிறது என்று போய்ப் பாருங்கள். வேலையை விட்டுப் போனவர் பெட்டிக்கு வந்துகொண்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இதே முறையில் 2021 அக்டோபர் 4 ஃபேஸ்புக் விழுந்ததையும், 2024 ஜூலை 19 க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத்திரை காட்டியதையும் படிக்கலாம். இரண்டாவதில் ஒரு சின்ன விஷயம் உங்களுக்கு உடனே உதவும். பல இடங்களில் மெஷின் மெஷினாகப் போய் சேஃப் மோடில் ஒரு ஃபைலை நீக்க வேண்டியிருந்தது. அதற்கு, டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீ வேண்டும். அந்தக் கீ விழுந்து கிடந்த சர்வருக்குள்ளேயே இருந்தால்?

கை அரிப்புக்கு ‘சாட்சர்வர்ஸ்’ என்று ஒரு தளம் இருக்கிறது. கெட்டுப்போன ஒரு நிஜ லினக்ஸ் மெஷினை பிரவுசரிலேயே கொடுத்து, குறிப்பிட்ட நிமிடத்துக்குள் சரிசெய்யச் சொல்வார்கள். முதல் கணக்கு: ஒரு லாக் ஃபைல் (நடப்பதைப் பதிவு செய்யும் ஃபைல்) ஓயாமல் வளர்கிறது, எழுதுவது யார், நிறுத்து. சிரிப்பீர்கள். போகப் போகச் சிரிப்பு நிற்கும்.

கேள்வி: எங்கள் பேக்கப் சாஃப்ட்வேர் தினமும் பச்சை டிக் காட்டுகிறது. இதற்கு மேல் பேக்கப் பற்றி நான் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? – ஆற்காடு வாசகர்

வேலூரைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்வது தெரியுமல்லவா: தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரமும் கல்யாண மண்டபச் சிற்பமுமாக எல்லோரும் வியக்கும்படி நின்றது. உள்ளே லிங்கம் திரும்ப வந்தது 1981-இல்தான். ரீஸ்டோர் செய்து, அதாவது திரும்ப மீட்டு, பார்க்காத பேக்கப் அதற்கு முந்தைய கோயில்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் சம்பள சாஃப்ட்வேரை வேறு டிரைவுக்கு மாற்றினோம். பேக்கப் ஜாப் பழைய ஃபோல்டரையே பார்த்துக்கொண்டிருந்தது. காலி ஃபோல்டரை எட்டு மாதம் ஒழுங்காகக் காப்பி எடுத்து, எட்டு மாதம் பச்சை டிக் போட்டது. அதன் மேல் தப்பே சொல்ல முடியாது, சொன்ன வேலையைச் செய்தது. சம்பளத் தேதிக்கு மூன்று நாள் முன்னால் டிஸ்க் போனபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. அக்கவுண்ட்ஸில் ஒரு அம்மா மாதாமாதம் பிரின்ட் எடுத்து ஃபைல் செய்து வைத்திருந்தார். அவரை வைத்து மூன்று நாள் கையால் ஏற்றினோம்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் பாடத்திட்டம் இது. மாதம் ஒரு சனிக்கிழமை. ஒரு சர்வரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். தனி நெட்வொர்க்கில் வெறும் விஎம்-இல் (ஒரு மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் மெஷின்) ரீஸ்டோர் செய்யுங்கள். கடிகாரம் ஓடட்டும். அப்ளிகேஷனுக்குள் போய் நேற்றைய பில் ஒன்றைத் திறந்து பாருங்கள், சர்வர் பூட் ஆனது மட்டும் போதாது. மூன்றாவது மாதம் நீங்கள் கை வைக்காதீர்கள். எழுதி வைத்த குறிப்பை ஜூனியரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அவர் எங்கே முழிக்கிறாரோ அங்கே உங்கள் டாக்குமென்ட் ஓட்டை.

விண்டோஸ்காரர்கள் இதோடு மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி (கம்பெனியின் யூசர், கம்ப்யூட்டர் கணக்குகள் இருக்கும் இடம்) ஃபாரஸ்ட் ரெக்கவரி வழிகாட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இலவசமாகப் படிக்கலாம். லேபில் இரண்டு டொமைன் கன்ட்ரோலர் (அதை நடத்தும் சர்வர்) வைத்து, வேண்டுமென்றே ஒரு ஓயூ-வை (கணக்குகளைப் பிரித்து வைக்கும் பிரிவு) அழித்துத் திரும்பக் கொண்டுவந்து பாருங்கள். ஆயுளில் ஒருமுறைதான் தேவைப்படும், ஆனால் அன்றைக்குப் புத்தகம் புரட்ட நேரமிருக்காது.

கேள்வி: வாலாஜாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 43. இப்போது போய் ரெட் ஹேட் லினக்ஸின் ஆர்ஹெச்சிஇ சான்றிதழ்ப் பரீட்சை எழுதுவது அபத்தமா சார்?

வயது பிரச்சினை இல்லை. பரீட்சை எப்படிப்பட்டது என்பதைப் பாருங்கள். ரெட் ஹேட் பரீட்சையில் நாலில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற கதை கிடையாது. மெஷினைக் கொடுத்து, இதைச் செய் என்பார்கள். முடித்தபின் செய்தது வேலை செய்கிறதா என்று பார்த்து மார்க். இன்டர்நெட் கிடையாது, மேன் பேஜும் (கமாண்டுக்கான உள்கையேடு) கூடவே இருக்கும் டாக்குமென்டும்தான். முதலில் ஆர்ஹெச்சிஎஸ்ஏ, அதன் எண் இஎக்ஸ் 200. அப்புறம் ஆர்ஹெச்சிஇ, இஎக்ஸ் 294. இரண்டாவது முழுக்க ஆன்சிபிள், பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து தானாக அமைக்கும் கருவி. சான்றிதழ் மூன்று வருஷம் செல்லும்.

கம்பெனி பணம் கட்டினாலோ, வேலை மாறும் எண்ணம் இருந்தாலோ எழுதுங்கள். இல்லையென்றால் பரீட்சைக் கட்டணத்தை மிச்சம் பிடித்து, அந்தப் பரீட்சைக்கான தலைப்புப் பட்டியலை மட்டும் ரெட் ஹேட் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அது எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. உங்களைப் போன்ற ஆளுக்கு அதில் பாதி தண்ணீர் பட்ட பாடு. செலினக்ஸ் (லினக்ஸின் பாதுகாப்புக் கட்டுப்பாடு) வரியைப் படித்ததும் கண் வேறு பக்கம் போகிறதா? ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுதான். (செலினக்ஸை ‘டிசேபிள்’ செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போன பாவம் நம் தலைமுறை அட்மின்கள் எல்லோருக்கும் உண்டு. என் கணக்கிலும் நிறைய இருக்கிறது.)

பயிற்சிக்கு சிஸ்டம் வேண்டுமானால், தனி நபர் பெயரில் ரெட் ஹேட் டெவலப்பர் சந்தா இலவசம், 16 சிஸ்டம் வரை போடலாம்.

கேள்வி: இன்னும் பத்து சர்வர் சென்ட்ஓஎஸ் 7-இல் ஓடுகிறது. என்ன படித்தால் நல்லது? – வாணியம்பாடி

படிப்பது இருக்கட்டும். சென்ட்ஓஎஸ் 7 என்ற அந்த லினக்ஸுக்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஆம் தேதியே முடிந்துவிட்டது, பேட்ச் வராது. ஆல்மாலினக்ஸ்காரர்களின் ‘எலிவேட்’ என்ற, புதிய வெர்ஷனுக்கு மாற்றும் கருவியின் கையேட்டைப் படியுங்கள். ஏழிலிருந்து எட்டு, எட்டிலிருந்து ஒன்பது என்று படிப்படியாகத்தான் போகும். முதலில் ஒரு சர்வரின் நகலில். அப்புறம் நிஜத்தில்.

கேள்வி: குடியாத்தத்தில் சின்ன வீடு. லேப் வைக்க பழைய ரேக் சர்வர் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மாதிரிப் பெட்டி சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாத ரீடிங்கில் 216 யூனிட். 500-ஐத் தாண்டினால் ஸ்லாப் மாறும், பில் வீட்டில் யார் கைக்குப் போகிறதோ அவரிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இதற்கு மேல் ஃபேன் சத்தம். நம் ஊர் கத்திரி வெயிலில் அந்த அறையில் மனுஷன் தூங்க முடியாது. வேலூரை வெயிலூர் என்று சும்மாவா சொல்கிறோம்?

ஆபீஸில் கழித்துக்கட்டும் ஐ5 டெஸ்க்டாப் ஒன்று போதும். 32 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, அதில் விஎம்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ். 40 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 58 யூனிட்டுக்குள் அடங்கும், வேலை முடிந்ததும் அணைத்துவிட்டால் அதுவும் இல்லை. விண்டோஸ் சர்வர் மதிப்பீட்டுப் பதிப்பு 180 நாள் இலவசமாக ஓடும். அதே வேலையைச் செய்யும் விஎம்வேர் பழகிய கைக்கு ப்ராக்ஸ்மாக்ஸ் முதல் வாரம் கோணலாகத் தெரியும். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி, லைசென்ஸை சந்தா முறைக்கு மாற்றிய பிறகு பல கம்பெனிகள் மாற்று தேடுகின்றன. அந்தக் கோணல் உங்கள் சம்பளத்துக்கு நல்லது.

கேள்வி: சர்வர் ரூம் ஏசி, யுபிஎஸ் பற்றி ஒரு கோர்ஸிலும் இல்லையே? – ராணிப்பேட்டை

இல்லைதான். யுபிஎஸ் சர்வீஸ் இன்ஜினியர் வரும்போது கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாமல், டீ வாங்கிக் கொடுத்து பக்கத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு பேட்டரியாக அவர் எதை அளக்கிறார், எந்த எண்ணைப் பார்த்து முகம் சுளிக்கிறார் என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு புத்தகம் முடியும்.

கையில் வைத்துக்கொள்ள இரண்டு எண்கள்: சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் என்பது ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏசி-குளிர்பதனப் பொறியாளர் அமைப்பின் பரிந்துரை. சீல் செய்த லெட் ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிதான் இதம், அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பேட்டரியை ஏசி இல்லாத படிக்கட்டு அடியில் வைத்துவிட்டு, ஐந்து வருஷம் வரவில்லை என்று கம்பெனியைத் திட்டுகிறோம்.

கேள்வி: புதிதாகச் சேர்ந்த பையனுக்கு ஆங்கிலம் தகராறு. தமிழில் ஏதாவது? – திருப்பத்தூர்

கணியம் தளத்தில் லினக்ஸ் பற்றிய தமிழ்க் கட்டுரைகளும் இலவச மின்னூல்களும் இருக்கின்றன. ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கும். ஆனால் எரர் மெசேஜை மட்டும் ஆங்கிலத்திலேயே சத்தமாகப் படிக்கப் பழக்குங்கள். கடைசி வரி வரைக்கும். பாதிப் பேர் முதல் வரியிலேயே பயந்து ஓடிவந்துவிடுகிறார்கள்.

கேள்வி: இப்போதெல்லாம் ஏஐ-யிடம் கேட்டால் கமாண்ட் வந்துவிடுகிறது. இனிப் படிக்க வேண்டுமா சார்? – காட்பாடி

நானும் கேட்கிறேன். வந்த கமாண்டில் ஒவ்வொரு ஆப்ஷனும் என்ன செய்யும் என்று மேன் பேஜில் பார்த்த பிறகே லேபில் அடிக்கிறேன். இல்லாத ஆப்ஷனை இருப்பதாகச் சொன்ன அனுபவம் எனக்கு இருக்கிறது. கம்பெனி லாகையோ பாஸ்வேர்டு இருக்கும் கான்ஃபிக் ஃபைலையோ அப்படியே கொண்டுபோய் ஒட்டாதீர்கள்.

கேள்வி: ஆடிட்டர் 180 நாள் லாக் கேட்கிறார். இதை எங்கே படிப்பது? – வேலூர்

மூலத்தையே படியுங்கள். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு. சில பக்கம்தான். சைபர் தாக்குதல் போன்ற சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக் 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லா சிஸ்டத்தின் கடிகாரமும் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு ஒத்துப்போக வேண்டும் என்பவை அதில் முக்கியம். கடைசியாகச் சொன்ன கடிகார விஷயத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஃபயர்வால் ஒரு நேரம், சர்வர் ஏழு நிமிடம் பின்னால் என்றிருந்தால், 180 நாள் லாக் வைத்திருந்தும் எது முதலில் நடந்தது என்று சொல்ல முடியாது. நாளைக்குக் காலையில் உங்கள் டொமைன் கன்ட்ரோலர், ஃபயர்வால், ஸ்விட்ச் மூன்றிலும் மணி பார்த்து எழுதுங்கள். மூன்றும் ஒன்றாக இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், இதுவரை அப்படி ஒரு கடிதம் வந்ததில்லை.