ஊற வைத்த அரிசி

அன்புள்ள அக்கா,

எனக்கு 44 வயது. ஆறேழு மாதமாக பீரியட்ஸ் 18 நாளிலேயே வந்துவிடுகிறது. பத்து நாள் ஆனாலும் நிற்பதில்லை, கட்டி கட்டியாகப் போகிறது. "நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மாமியார். டாக்டரிடம் போனால் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வார்களோ என்று பயம். அடுத்த மாதம் தம்பி மகள் கல்யாணம். மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தள்ளிப்போடலாமா? மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இன்னொன்று, சிரிக்காதீர்கள், இட்லிக்கு ஊற வைத்த அரிசியை அள்ளி அள்ளித் தின்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

சிரிக்கவில்லை. எனக்குப் பகீரென்றது அந்தக் கடைசி வரிதான். இரும்புச்சத்து குறைந்தால் அரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி என்று எதையாவது மெல்லத் தோன்றும். மூச்சும் வாங்குகிறது என்கிறீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஏழு, எட்டு என்று வந்தால் பேரீச்சம்பழம் போதாது, மருந்து வேண்டும்.

மாமியார் சொன்னது பொய்யில்லை. நாற்பதுகளில் எல்லா மாதமும் கருமுட்டை வெளியாவதில்லை. அப்போது கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போய் ஒரேயடியாகக் கொட்டும். ஆனால் தைராய்டு கோளாறு, நார்க்கட்டி, ஏன், புற்றுநோய்கூட வெளியே இதே மாதிரிதான் தெரியும். அதெல்லாம் இல்லை என்று பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும், வயசுதான் காரணம் என்று. 21 முதல் 35 நாளுக்குள் வந்து ஏழெட்டு நாளில் நின்றால் சரி. உங்களுடையது இரண்டு பக்கமும் தாண்டிவிட்டது.

என் அம்மாவுக்கு நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. பொங்கலுக்குப் போயிருந்தபோது கொடியில் கருநீல உள்பாவாடைகளாகவே காய்ந்தன. வெள்ளை, ரோஸ் ஒன்றுகூட இல்லை. கேட்டால் "அழுக்குத் தெரியாதுல்ல" என்றாள். மறுநாள் திரும்பக் கேட்டேன். நான்கு மாதமாகத் துளித்துளியாகப் பட்டுக்கொண்டிருந்ததாம். "இந்த வயசுல இத யார்கிட்ட சொல்றது?" உள்சுவரிலிருந்து சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய். ஆரம்பம் என்பதால் ஆபரேஷனோடு போயிற்று. ஒரு வருடம் முழுக்க நின்றுபோன பிறகு ஒரு துளி பட்டாலும் போய்க் காட்ட வேண்டும். இதை உங்கள் மாமியாரிடமும் சொல்லிவையுங்கள்.

உங்கள் பயம் புரிகிறது. எடுத்த எடுப்பில் யாரும் கர்ப்பப்பையில் கை வைக்க வேண்டியதில்லை. ரத்தம், தைராய்டு, ஸ்கேன் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் உள்சுவரில் துளி சதை எடுப்பார்கள். போக்கைக் குறைக்கும் மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனம் என்று வழிகள் இருக்கின்றன. முதல் நாளே எடுத்துவிடலாம் என்றால், வேறு வழி என்ன என்று கேளுங்கள். இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.

மெடிக்கல் மாத்திரை வேண்டாம். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் எப்படியும் வரும். ரத்தம் உறையும் சிக்கல் உள்ளவர்களுக்கு ஆபத்தும்கூட. கல்யாணத் தேதியை டாக்டரிடமே சொல்லுங்கள். நடுவில் மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து இரண்டு மூன்று மணி நேரம் நிற்காமல் போனாலோ, தலை சுற்றினாலோ, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அப்புறம், போகும்போது தேதி குறித்த காலண்டரையும் கொண்டுபோங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன், அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.