எந்தத் தேனீயின் பிசின்?

கே: மார்த்தாண்டத்தில் பத்துப் பெட்டி அடுக்குத் தேனீ வைத்திருக்கிறேன். எவ்வளவு புரோபோலிஸ் எடுக்கலாம்?

ப: புரோபோலிஸ் என்பது தேனீ மரங்களிலிருந்து சேர்த்துக் கூட்டில் பூசும் பிசின். உங்கள் பெட்டியில் சுரண்டுவதற்கு ஒன்றும் கிடைக்காது. அடுக்குத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியத் தேனீ சேர்க்கும். கொசுத்தேனீயோ பிசினை மெழுகோடு குழைத்துத்தான் கூட்டையே கட்டும்.

கே: புரோபோலிஸில் என்னென்ன உள்ளன? உடனே விவரமாகக் கூறவும்.

ப: எந்தத் தேனீ, எந்த ஊர்? இரண்டையும் எழுதாமல் அவசரம் மட்டும் படுகிறீர்கள். பொதுவாகச் சொல்வது: பாதி பிசின், 30 சதவீதம் மெழுகு, 10 வாசனை எண்ணெய், 5 மகரந்தம், மீதி சில்லறை. கிருமியோடு மோதுவது பெரும்பாலும் அந்தப் பிசின் பாதிதான். அது மரத்துக்கு மரம் மாறும். ஐரோப்பாவில் பாப்லர் மொட்டுப் பிசின். பினோசெம்ப்ரின், கலாஞ்சின் போன்ற ஃபிளவனாய்டுகள் (ஒரு வகைத் தாவரச் சேர்மங்கள்) இருக்கும். பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸ் வேறொரு புதர்ச்செடியிலிருந்து வருவது. அதில் இருப்பது ஆர்ட்டெபிலின் சி என்ற வேறு சேர்மம். அங்கே அளந்த கணக்கை உங்கள் டப்பாவில் லேபிளாக ஒட்டாதீர்கள்.

கே: தண்ணீரில் கொதிக்கவைத்துச் சாறு எடுக்கலாமா?

ப: மெழுகு மிதக்கும், பிசின் பாத்திரத்தில் அப்பும். 70 சதவீத எத்தனால், அதாவது ஆல்கஹால்தான் வழக்கம்.

கே: எத்தனால் சாற்றை, கிருமி வளர்க்கும் அகர் கூழ்த் தட்டில் துளை போட்டு ஊற்றினேன். ஸ்டாஃப் கிருமித் தட்டில் துளையைச் சுற்றிக் கிருமி வளராத 18 மி.மீ. வளையம், ஈ.கோலை கிருமித் தட்டில் ஒன்றுமே இல்லை. எங்கே தவறு? (முதுகலை மாணவி, திருச்சி)

ப: ஈ.கோலை முடிவு சரியாகவே இருக்கலாம். ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகைக் கிருமிக்கு வெளியே இன்னொரு உறை உண்டு. பிசின் பொருட்கள் அதைத் தாண்டுவது கஷ்டம். எனக்குச் சந்தேகம் அந்த 18-ல்தான். வெறும் எத்தனால் ஊற்றிய துளை எங்கே? ஆய்வேடு திருத்த உட்காரும்போதெல்லாம் இதே கதை. போன வருஷம் ஒரு தட்டைக் கொண்டுவந்தார்கள்: மார்க்கர் பேனாவில் மூன்று துளைக்கு ‘பு’, அதாவது புரோபோலிஸ்; ஒன்றுக்கு ‘ஆ’, அதாவது ஆன்டிபயாட்டிக். ஐந்தாவது துளை போட்டு வெறும் எத்தனால் விடச் சொன்னேன். மறுநாள் அதைச் சுற்றியும் வளையம்! எத்தனாலே கிருமியைத் தடுத்திருக்கிறது. அதற்குள் ‘ஆன்டிபயாட்டிக்கை மிஞ்சியது’ என்று முடிவுரையே தட்டச்சாகியிருந்தது. இன்னொன்று, பிசின் அகரில் சரியாகப் பரவாது. மில்லிமீட்டரை வைத்து மருந்தோடு போட்டி போடாதீர்கள். திரவ ஊடகத்தில் படிப்படியாக நீர்த்து, எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று பாருங்கள். அங்கேயும் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் எத்தனால் (கன்ட்ரோல்) வேண்டும். துளைக்கு எத்தனை மில்லிகிராம் போட்டீர்கள்? எழுதவில்லை. எந்தத் தேனீ? அதுவும் இல்லை.

கே: சுரண்டும்போது உளியில் ஒட்டிக்கொள்கிறது.

ப: சட்டத்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள். 15 டிகிரிக்குக் கீழே போனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். பெயின்ட் அடித்த பலகையில் சுரண்டியதை வாயில் வைக்காதீர்கள், ஈயம் கலந்திருக்கலாம்.

கே: எட்டு மாதக் குழந்தையின் இருமலுக்கு இரண்டு சொட்டு?

ப: வேண்டாம். ஒரு வயதுக்குள் தேனே கூடாது. டாக்டரிடம் போங்கள்.

கே: நாகர்கோவில் வீட்டில் எடுத்த கொசுத்தேனீப் பிசினைப் புண்ணில் தடவினேன். சுற்றிலும் அரிக்கிறது, சிறு கொப்புளம்.

ப: தேனீயையும் ஊரையும் சொன்னதற்கு நன்றி. ஒவ்வாமை போலத் தெரிகிறது. தடவுவதை உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். கொசுத்தேனீ மாமரப் பாலையும் விட்டுவைக்காது. மாங்காய்ப் பால் பட்டாலும் உங்களுக்கு இப்படித்தான் ஆகுமா?