கழிவு போக மிச்சம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. சென்ற மாதம் எங்கள் மாவட்டப் புத்தகத் திருவிழாவில் உங்கள் உரையைக் கேட்டேன். "உங்கள் ஊர்ப் புத்தகக் கடையில் வாங்குங்கள். ஊரின் வாசிப்புக்கு அதுதான் நடுவீடு" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எரிச்சல் வந்தது.

எங்கள் ஊரில் 'புத்தக நிலையம்' என்று பெயர்ப்பலகை வைத்த கடைகள் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் கைடு, நோட்டு, ஜியோமெட்ரி பாக்ஸ், பிரவுன் அட்டை. ஒரு கடையின் மேல்தட்டில் மட்டும் பாரதியார் கவிதைகளும் திருக்குறளும் உண்டு, பேச்சுப் போட்டிப் பரிசுக்காக. நாவல் கேட்டால் "ஆன்லைனில் பாருங்கள் மேடம்" என்று கடைக்காரரே சொல்கிறார். அப்படித்தான் வாங்குகிறேன். 20 சதவீதம் கழிவு, மூன்றாம் நாள் வாசலில் பார்சல். இதில் என்ன தவறு? கடைக்காரர் பிழைப்பதற்கு நான் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? நீங்களே உங்கள் புத்தகத்தை வாசகர்களுக்கு நேரடியாக அனுப்பி விற்றீர்களே?

இன்னொரு கேள்வி. நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் வாசிக்கிறவர்கள். ஆளுக்கு ஐம்பதாயிரம் போட்டு ஒரு சிறிய புத்தகக் கடை தொடங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஓடுமா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் எரிச்சல் நியாயமானது. மைக்கின் முன்னால் நிற்கும்போது எல்லா ஊரிலும் ஒரு நல்ல கடை இருப்பதாக எனக்குத் தோன்றிவிடுகிறது. கீழே இறங்கி பஸ் நிலையத்துக்கு நடந்தால் நீங்கள் சொல்லும் பிரவுன் அட்டைதான் கண்ணில் படுகிறது.

உங்கள் கடிதத்தில் என்னைத் தைத்தது அந்த நேரடி விற்பனை வரி. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். போன நாவல் வந்தபோது, கையெழுத்திட்ட பிரதி வேண்டுவோர் எனக்கே எழுதலாம் என்று அறிவித்தேன். பதிப்பாளரிடம் 200 பிரதிகளைக் கழிவு விலையில் வாங்கிக் கூடத்தில் அடுக்கி, இரவெல்லாம் கையெழுத்துப் போட்டேன். உறையில் இட்டு முகவரி ஒட்டியது என் மனைவி. மூன்று வாரத்தில் அத்தனையும் தீர்ந்துவிட்டன. கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

நான்காம் வாரம் ஒரு கடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார். இருபது ஆண்டுப் பழக்கம். என் முதல் தொகுப்பை யாரும் சீண்டாத காலத்தில் அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து விற்றவர். குறையாக ஒன்றும் சொல்லவில்லை. "ஐயா, உங்களை நம்பி 40 பிரதிகளை ரொக்கம் கொடுத்து எடுத்துவிட்டேன். வழக்கமாக வாங்குகிறவர்கள் எல்லாம் உங்களிடமே வாங்கிவிட்டோம் என்கிறார்கள். இவற்றை என்ன செய்யட்டும்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

கடை பத்தடிக்குப் பதினாறு அடி இருக்கும். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, இரண்டு ஸ்டூல். அங்கே உட்கார்ந்து அந்த 40 பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டேன். கடைக்காரர் தகவல் சொல்லியிருந்ததால் பதினொரு பேர் வந்தார்கள். கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு தையற்காரர், செவிலியர் படிப்புப் படிக்கும் ஒரு பெண், இரண்டு வழக்கறிஞர்கள், மற்றவர்கள். என் கதாநாயகி ஊரைவிட்டுப் போனது சரியா என்று தையற்காரருக்கும் ஒரு வழக்கறிஞருக்கும் வாக்குவாதம் வந்து, தேநீர் ஆறிப்போயிற்று. நான் அங்கே இருப்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள்.

ஓரமாக நின்றிருந்த ஒரு பெரியவர், "112ஆம் பக்கத்தை எடுங்கள் தம்பி" என்றார். எடுத்தேன். "மானாவாரிக் கடலையை ஆனியில் பிடுங்குகிறீர்களே, ஆடியில்தானே நாங்கள் விதைக்கவே செய்வோம்?" கடையே சிரித்தது. அவர் புத்தகத்தை வாங்கவில்லை. நான்கு சாயங்காலம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து படித்தே முடித்திருந்தார். கடைக்காரர் அதற்கு முகம் சுளித்ததில்லை. நான் தபாலில் அனுப்பிய 200 பேரில் ஒருவர்கூட அந்தக் கடலையைப் பற்றி எழுதவில்லை. கவனித்தவர்கள் இருந்திருப்பார்கள். அதற்கென்று உட்கார்ந்து கடிதம் எழுத யாருக்குப் பொழுது இருக்கிறது?

கடைக்காரரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. பற்று வரவு எழுதுகிற நோட்டுத்தான். ஒவ்வொரு வாசகரின் பெயருக்கு நேராகவும் எடுத்துப்போன புத்தகம், அதற்கு அடுத்து ஒரு சொல்: 'முடித்தார்', 'பாதி', 'ஆகவில்லை'. அந்தச் செவிலியர் மாணவி அன்று ஆயிரம் பக்கச் சரித்திர நாவலைக் கேட்டார். கடைக்காரர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போன இரண்டும் பாதியில் நிற்கின்றன அம்மா. இதைப் படித்துவிட்டு வாருங்கள், அது எங்கேயும் போய்விடாது" என்று நூறு பக்கத்துக்குள் அடங்கும் ஒரு குறுநாவலைக் கொடுத்தார். பெரிய பில் ஒன்று சிறிய பில்லாயிற்று. அவர் அதைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை.

இனி விலை. நீங்கள் கடைக்காரருக்குக் 'கூடுதலாக'க் கொடுப்பதில்லை. அட்டையில் அச்சிட்டதுதான் விலை. அதற்குக் கீழே கிடைப்பது யாரோ ஒருவருடைய பங்கிலிருந்து போவது. 300 ரூபாய்ப் புத்தகத்துக்குப் பதிப்பாளர் கடைக்கு 30 சதவீதம் கழிவு தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கையில் 90 ரூபாய். புத்தகக் காட்சியில் கொடுக்கிறார்களே என்று நீங்கள் 10 சதவீதம் கேட்டால் மிச்சம் 60. இணையத்துக்கு இணையாக 20 சதவீதம் கொடுத்தால் 30. இதில் வாடகை, மின்சாரம், பார்சல் கூலி, ஆறு மாதம் விற்காமல் கிடக்கும் முதலுக்கு வட்டி எல்லாம் போக வேண்டும். வெளியூர் வாசகருக்குத் தபாலில் அனுப்பிக் கொஞ்சம் சமாளித்தவர்களுக்கும் ஒரு அடி விழுந்தது. சலுகைக் கட்டணப் பதிவுப் புத்தகத் தபாலை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டது. 2025 மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்ற பெயரில் புதிய சேவை வரும்வரை, சிறிய பதிப்பகங்களும் கடைகளும் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இந்தக் கணக்கு பிடிபட்ட நாடுகள் சட்டமே போட்டிருக்கின்றன. பிரான்ஸில் 1981இல் வந்த சட்டப்படி, புதிய புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் யாரும் தள்ளுபடி தரக்கூடாது. மூலைக்கடைக்கும் பெரிய கடைக்கும் ஒரே விலை. இணைய நிறுவனங்கள் அனுப்பும் செலவை ஏறக்குறைய இலவசமாக்கி அதைச் சுற்றிவந்தபோது, 35 யூரோவுக்குக் குறைந்த வாங்கலுக்குக் குறைந்தபட்சம் 3 யூரோ அனுப்பும் கட்டணம் வாங்கியே ஆக வேண்டும் என்று 2023 அக்டோபரில் அதையும் அடைத்தார்கள். பிரிட்டன் எதிர்த்திசையில் போயிற்று. பதிப்பாளர் வைத்த விலைக்குக் கீழே யாரும் விற்பதில்லை என்று அங்கே கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாகக் காத்த நிலை விலை ஒப்பந்தம் 1990களில் உடைந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தனிக்கடைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 2016க்குப் பிறகுதான் மெல்ல ஏறியது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை, வரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

ஆகவே முழு விலை கொடுத்தே தீர வேண்டும் என்று ஒரு ஆசிரியையிடம் நான் சொல்ல மாட்டேன். பெயர் தெரிந்த புத்தகத்தை எங்கே மலிவோ அங்கே வாங்குங்கள். ஆனால் ஒரு கடையில் அரைமணி நேரம் நின்று, கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு வெளியே வந்து இணையத்தில் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு நான் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

என்னைப் போன்றவர்களும் யோக்கியர்கள் இல்லை. சென்னையில் 1977இல் தொடங்கிய புத்தகக் காட்சி இப்போது மாவட்டம்தோறும் திருவிழாவாகிவிட்டது. 2022இல் அரசு அறிவித்ததிலிருந்து நான் ஏறாத மேடை குறைவு. மகிழ்ச்சிதான், குழந்தைகள் உண்டியல் காசோடு வருகிறார்கள். ஆனால் அந்தப் பத்து நாளும் எல்லாப் பதிப்பகமும் கழிவோடு நேரடியாக விற்க, அதே ஊரில் மற்ற முந்நூற்றுச் சொச்ச நாளும் கடை திறந்து வைத்திருக்கிறவர் ஈ ஓட்டுகிறார். உள்ளூர்க் கடைக்கு முதல் அரங்கைக் கொடுங்கள் என்று நான் ஒரு மேடையிலாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் அடுத்த ஆண்டு அழைப்பு வராதோ என்ற அற்ப யோசனை.

இதையெல்லாம் யோசிக்கும்போது சி.சு. செல்லப்பாவின் நினைப்பு வராமல் இருக்காது. 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியவர், பின்னர் புத்தகமும் போட்டு, அந்தக் கட்டுகளைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போய் விற்றார். எழுத்தாளர் நேரடியாக விற்றது அங்கேயும் நடந்ததுதான். ஆனால் அவர் போன இடங்களில் அந்த மாதிரிப் புத்தகத்துக்குக் கடை கிடையாது, தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. நான் இருக்கிற கடையைத் தாண்டி விற்றேன். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தின் பெரிய புத்தகக் கடைகள் மூடிக்கொண்டபோது, அங்கே வசிக்கும் நாவலாசிரியர் ஆன் பாச்செட் இன்னொருவரோடு சேர்ந்து 2011 நவம்பரில் ஒரு கடையையே திறந்தார். எனக்கு அந்த முதலும் இல்லை, துணிச்சலும் இல்லை. அடுத்த நாவலுக்குக் கையெழுத்து வேண்டுவோரைக் கடைகளுக்கு அனுப்புவேன், அது மட்டும் என்னால் ஆகும்.

உங்கள் ஐந்து பேர் கடைக்கு வருகிறேன். தொடங்காதீர்கள். இரண்டரை லட்சத்தில் முன்பணமும் அலமாரியும் பாதியைத் தின்றுவிடும், மீதிக்கு வாங்கிய புத்தகம் முதல் ஆண்டிலேயே பழுப்பேறும். கோவையில் ராஜவீதி விஜயா பதிப்பகம் வாசகர் வட்டம் வைத்து நடத்துகிறது, சென்னையில் கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸும் திருவான்மியூர் பனுவலும் கூட்டங்களுக்கு இடம் கொடுத்தே ஆட்களைச் சேர்த்தன. பெரிய நகரங்களிலேயே ஆள் சேர்வதற்கு அத்தனை பாடு என்றால் தாலுகா ஊரில் இன்னும் மெல்லத்தான் சேரும்.

முதலில் உங்கள் கிளை நூலகத்துக்குப் போங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், இப்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா. அந்தக் கட்டடத்தில் மாதம் ஒரு சாயங்காலம் நாற்காலி கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். அங்கே வாசகர் வட்டம் என்று ஒன்று பெரும்பாலும் காகிதத்தில் இருக்கும், அதன் தலைவராக ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் இருப்பார். அவருக்குச் சால்வை போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பிறகு, "ஆன்லைனில் பாருங்கள்" என்ற அந்தக் கடைக்காரர். அவருக்கு ஜூன், ஜூலைதான் வியாபாரம். மற்ற மாதங்களில் அவரும் கைப்பேசிதான் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் ஒரே ஒரு தட்டு கேளுங்கள், கண்மட்டத்தில். முப்பது தலைப்புகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி. சராசரியாக 250 ரூபாய் என்றால் 15,000 ரூபாய்ச் சரக்கு. ஆளுக்கு மூவாயிரம் நீங்களே போடுங்கள், விற்கும்வரை அவர் கையிலிருந்து ஒரு ரூபாய் போகக்கூடாது. விற்ற பிரதிக்கு உரிய கழிவு முழுவதும் அவருக்கு. மாதக் கூட்டத்தில் பேசப்போகும் புத்தகத்தை எல்லோரும் அங்கேதான் வாங்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அவராகவே இரண்டாவது தட்டைக் காலி செய்து கொடுத்தால், கடையைப் பற்றி மறுபடி பேசலாம். கொடுக்காவிட்டாலும் நட்டம் ஆளுக்கு மூவாயிரத்துக்குள்.

நீள நோட்டு ஒன்று இப்போதே வாங்கி வையுங்கள். அந்தக் கடையில் அதற்குப் பஞ்சம் இருக்காது.

முதல் கூட்டத்துக்கு நான் வருகிறேன், பஸ் செலவு என்னுடையது. எந்த ஞாயிறு என்று எழுதுங்கள். முப்பது தலைப்புகளின் பட்டியலைத் தனியே அனுப்புகிறேன். அதில் என்னுடையது ஒன்றே ஒன்று, இரண்டாம் பதிப்பு. கடலையை ஐப்பசிக்கு மாற்றிவிட்டேன்.

அன்புடன்.