குதிரை இருக்கிறது, ஃபிளிப்பர் எங்கே?

கேள்வி: பழைய சாமான்களோடு ஒரு பின்பால் மெஷின், அதாவது காசு போட்டுப் பலகையில் பந்து விட்டு ஆடும் மெஷின், என்னிடம் வந்து சேர்ந்தது. மரப்பெட்டி. ஆடும் பலகை முழுக்கக் குதிரைகளும் ஜாக்கிகளும், நடுவில் 1 முதல் 7 வரை எண் போட்ட குழிகள். பந்தைத் தட்டிவிடும் ஃபிளிப்பரை யாரோ கழற்றிவிட்டார்கள், பந்தும் ஒன்றுதான் மிச்சம். தலைப்பெட்டியில் இருக்க வேண்டிய படக்கண்ணாடி இல்லை. பலகையில் ஓரிடத்தில் ‘கென்டக்கி’ என்று தெரிகிறது. அங்கே செய்ததா? யார் செய்தது, எந்த வருஷம்?

பதில்: யாரும் எதையும் கழற்றவில்லை, பந்தும் தொலையவில்லை. உங்களிடம் இருப்பது ‘ஒன்-பால்’ என்று தொழிலில் சொல்லும் வகை. ஆட்டத்துக்கு ஒரே பந்துதான். ஃபிளிப்பர் என்ற சாமானே 1947-இல் காட்லீப் கம்பெனியின் ‘ஹம்ப்டி டம்ப்டி’யில்தான் வந்தது, அதற்கு முந்தைய மெஷின்களில் ஸ்பிரிங்கை இழுத்துப் பந்தை விடுவதும் பெட்டியைப் பக்குவமாகத் தட்டுவதும்தான் விளையாட்டு. ஃபிளிப்பர் வந்த பிறகும் ஒன்-பால் மெஷின்கள் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஏன் என்றால் அவை பாயின்ட் எடுக்கும் மெஷின்கள் இல்லை, பந்தயம் கட்டும் மெஷின்கள். காசு போட்டால் ஒரு குதிரையின் எண் எரியும், ஜெயித்தால் எவ்வளவு என்பதும் எரியும். திருப்தி இல்லையா, இன்னொரு காசு போடலாம். தொகை ஏறலாம், இன்னொரு எண் சேரலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம். அந்த ஒரு பந்து எரிகிற எண்ணுள்ள குழியில் விழுந்தால் பணம். பலகையில் ‘வின்’, ‘பிளேஸ்’, ‘ஷோ’ என்று பகுதிகள் பிரிந்திருக்கிறதா பாருங்கள், அவை ரேஸில் முதல், இரண்டாம், மூன்றாம் இடத்துக்குச் சொல்லும் சொற்கள். (சூதாட்டத்தை இவ்வளவு அழகாக வண்ணம் அடித்து வைத்தவர்களை என்ன சொல்ல!)

அடுத்தது ‘கென்டக்கி’. அதை நம்பி ஊரை முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவில் குதிரைப் பந்தயம் என்றதுமே கென்டக்கி மாநிலத்தில் நடக்கும் கென்டக்கி டெர்பிதான் ஞாபகம் வரும், அதனால் குதிரை வரைகிறவன் அந்தப் பெயரையும் பக்கத்தில் எழுதிவிடுவான். கம்பெனிகளும் ரேஸ் மைதானம், பந்தயம், குதிரை இவற்றின் பெயர்களையே வைத்தன. ‘சான்டா அனிடா’, ‘ஃபேர்கிரவுண்ட்ஸ்’, ‘லெக்சிங்டன்’ எல்லாம் பாலி கம்பெனியின் மெஷின்கள், எல்லாம் சிகாகோவில் செய்தவை. ‘சைட்டேஷன்’ என்பது 1948-இல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்த குதிரை, அதன் பெயரில் பாலி ஒரு ஒன்-பால் போட்டது. ‘கென்டக்கி’ என்றே ஒன்று போட்டார்கள், ஆனால் பலகையில் இருக்கும் ஒரு வார்த்தையை வைத்து உங்களுடையது அதுதான் என்று சொல்ல மாட்டேன்.

சிகாகோ என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம். பாலி, காட்லீப், கீனி, மில்ஸ் என்று பெரும்பாலான கம்பெனிகள் அந்த ஒரே நகரத்தில் இருந்தன. இந்த வகையில் அதிகம் செய்தது பாலி, அதனால் முதல் சந்தேகம் அவர்கள் மேல்.

சந்தேகத்தைத் தீர்க்கப் பலகையைத் தூக்கி அடியில் பாருங்கள், படத்தைவிட அடிப்பக்கம் உண்மை பேசும். காயில்களை (கம்பிச் சுருள்களை) சுற்றியிருக்கும் காகித லேபிளில் எண் இருக்கும், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாணி. காட்லீப் காயில் என்றால் A என்ற எழுத்தோடு தொடங்கும். பெட்டிக்குள் மரத்தில் குத்திய சீரியல் எண், மூலையில் ஒட்டிய வயரிங் படம், மெக்கானிக் பென்சிலில் எழுதிய தேதி எல்லாவற்றையும் துடைப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். துடைக்கிற ஆர்வத்தில் லேபிளை உரித்துவிட்டு அப்புறம் வந்து கேட்கிறவர்கள் நிறையப் பேர்.

வருஷத்துக்கு எனக்குப் பிடித்த வழி பேட்டன்ட் எண். காசு போடும் பகுதியிலோ உலோகத் தகட்டிலோ பொறித்திருக்கும். அமெரிக்க பேட்டன்ட் 20,00,000-ஐ 1935-இல் தொட்டது, 25,00,000-ஐ 1950-இல். உங்கள் தகட்டில் 20 லட்சத்துக்கு மேல் எண் இருந்தால் மெஷின் 1935-க்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆனால் அது கீழ் எல்லை மட்டும்தான், பத்து வருஷப் பழைய பேட்டன்ட்டை வைத்துக்கொண்டும் புது மெஷின் செய்வார்கள். மேல் எல்லைக்குச் சட்டம் உதவும்: 1951 ஜனவரியில் சூதாட்டக் கருவிகளை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பத் தடை போடும் ஜான்சன் சட்டம் வந்தது, ஒன்-பால் தொழில் அதோடு படுத்துவிட்டது, அதே வருஷம் பாலி ‘பிரைட் லைட்ஸ்’ என்று, பந்துகளைக் குழிகளில் விழவைத்து எண்களை வரிசையாகச் சேர்க்கும் பிங்கோ மெஷினுக்குத் தாவியது. ஆக உங்களுடையது பெரும்பாலும் 1930-களின் நடுவிலிருந்து 1951-க்குள்.

ஒரு எச்சரிக்கை. 1942-இல் போரினால் புது மெஷின் உற்பத்தி நின்றபோது பழையதையே புதுப்படம், புதுப்பெயர் போட்டு மாற்றி விற்றார்கள், யுனைடெட் கம்பெனி ஆரம்பத்தில் பிழைத்ததே இப்படித்தான். அதனால் மேலே இருக்கும் படம் ஒரு வருஷம், கீழே அடிப்பக்கம் ஒரு வருஷம் சொன்னால் குழம்ப வேண்டாம். பெற்ற தாய் கீழே இருப்பதுதான்.

முன்பக்கம் காசு கொட்டும் தட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பணம் தரும் மெஷின். இல்லை என்றால் ‘ரீப்ளே’ வகை, ஜெயித்தவருக்கு இலவச ஆட்டம் சேரும், சில கடைகளில் அதைக் கடைக்காரரே சத்தமில்லாமல் காசாக்கித் தருவார். ஒரே ஆட்டத்தை இரண்டு வகையாக, இரண்டு பெயரில் பாலி விற்றது. போர் முடிந்ததும் வந்த ‘விக்டரி டெர்பி’யும் ‘விக்டரி ஸ்பெஷல்’லும் அப்படி ஒரு ஜோடி.

இவ்வளவும் கையில் வந்ததும் ‘இன்டர்நெட் பின்பால் டேட்டாபேஸ்’ இணையத்தளத்தில் குதிரைப் பந்தயம் என்ற கருவை வைத்துத் தேடி, குழிகளின் அமைப்பை ஒப்பிடுங்கள். வண்ணம் மங்கும், கண்ணாடி உடையும், குழி மட்டும் இடம் மாறாது.

கேள்வி: என்னுடையதில் ஃபிளிப்பர் இருக்கிறது, தலைப்பெட்டிக் கண்ணாடிக்குள் குட்டிக் குதிரைகள் நிஜமாகவே நகர்கின்றன. இதுவும் சூதாட்ட மெஷினா?

பதில்: இல்லை, இது வேறு குடும்பம். நகரும் குதிரைகள் என்றதும் வில்லியம்ஸ் கம்பெனிதான் நினைவுக்கு வருகிறது. 1958-இல் ‘டர்ஃப் சாம்ப்’, 1971-இல் ‘வின்னர்’. ஆடும் பலகைக்கு மேலே உள்ள கண்ணாடியைப் பிடித்திருக்கும் பக்கச் சட்டங்களைத் தடவிப் பாருங்கள்: மரம் என்றால் முன்னது, உலோகம் என்றால் பின்னது. மரச்சட்டம் 1960 வாக்கில் வழக்கொழிந்தது.

கேள்வி: பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இவை 110–120 வோல்ட்டுக்குச் செய்தவை, 230-இல் நேராகச் சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். வோல்ட் சரியாக இருந்தாலும் துணி சுற்றிய ஒயர்கள் உதிர்ந்திருக்கும், ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டால் காயில் புகைந்துவிடும். முதலில் ஒயரைப் பாருங்கள், ஃபியூஸ் சரியான அளவா என்று பாருங்கள்; ஃபியூஸ் இருந்த இடத்தில் வெள்ளித்தாள் சுற்றி வைத்திருக்கும் மெஷின்களும் உண்டு.