இருட்டு நகரத்து முகமூடிகள்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: ஆளுக்கொரு பாத்திரமேற்று பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டான சேவேஜ் வேர்ல்ட்ஸின் சூப்பர் பவர்ஸ் கம்பேனியன் வாங்கினேன். அடிப்படை விதிகளே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. அது துணைநூல். மூல விதிநூலைத் தனியாக வாங்க வேண்டும். விவரத்தைப் படிக்காமல் பணம் கட்டினால் யார் என்ன செய்ய முடியும்?

கேள்வி: சின்னச் சின்னச் சக்திகளோடு இரவில் தெருவைக் காக்கும் ஹீரோக்கள், ஊழலில் ஊறிய நகரம். மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ் என்ற சூப்பர்ஹீரோ விளையாட்டின் மூன்றாம் பதிப்பு இதற்கு ஆகுமா?

பதில்: ஆகும். ஆனால் புத்தகம் சொல்கிறபடி பவர் லெவல் (ஹீரோவின் சக்திக்கு உச்சவரம்பு) 10-இல் தொடங்காதீர்கள். ஹீரோவை உருவாக்க ஒரு லெவலுக்கு 15 புள்ளி, 10-க்கு 150. தெருக்காவலருக்கு 6 (90 புள்ளி) அல்லது 8 (120 புள்ளி) போதும். 6-இல் குறியும் (தாக்குதல் எண்) சேதமும் சேர்ந்து 12-ஐத் தாண்டக்கூடாது. குறி +8 என்றால் சேதம் 4.

லெவலைக் குறைத்ததோடு வேலை முடியாது. டாட்ஜ் (அடியிலிருந்து விலகுவது) 4, டஃப்னஸ் (அடியைத் தாங்குவது) 8 என்று பிரித்துக்கொண்டு, அந்த எட்டுக்கும் 'இம்பர்வியஸ்' வாங்க லெவல் 6-இலேயே இடம் இருக்கிறது. அதன் பாதியான 4 வரை எந்த அடியும் அவரைத் தொடாது. பெரிய கைத்துப்பாக்கியின் சேதம் சரியாக 4. சந்துமுனையில் துப்பாக்கி நீட்டுகிறவனைப் பார்த்து ஹீரோவுக்குப் பயமே வராது. அப்புறம் நுவார் (இருண்ட குற்றக்கதைச் சூழல்) எங்கே இருக்கும்? ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் இம்பர்வியஸை முதல் நாளே விலக்கிவிட வேண்டும். விதிகளின் பெரும்பகுதி திறந்த உரிமத்தில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: அதே விளையாட்டுக்கு மலிவாக ஒரு பழைய நகரத் துணைநூல் கிடைத்தது. எண்கள் ஒன்றும் பொருந்தவில்லை.

பதில்: உங்கள் தவறு பாதிதான். பதிப்பு எண்ணைப் போடாமல் விற்கிறார்களே, அதுதான் எனக்குத் தீராத ஆத்திரம். நானும் இப்படி ஒரு புத்தகத்தில் பணத்தை விட்டிருக்கிறேன். இரண்டாம் பதிப்பில் திறன்கள் ஆறு, சராசரி மனிதனுக்கு 10. மூன்றாம் பதிப்பில் எட்டு, சராசரி 0. பழைய வலிமை 14-ஐ அப்படியே எடுத்து எழுதினால் தெருரவுடி லாரியைத் தூக்கி வீசுவான். அது புதியதில் 2 மட்டுமே. ஃபைட்டிங் (கைகலப்புத் திறன்) பழையதில் கிடையாது, தாக்குதல் எண்ணைப் பார்த்து நீங்களே போட வேண்டும். விற்கிறவருக்கு அட்டையில் இருக்கும் ஒரு வரியை எழுதிப்போட அரை நிமிடம் ஆகுமா? எழுதாதவரிடம் உரிமைப் பக்கத்தின் (பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கம்) படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பதைத் தூக்கிப்போட வேண்டாம்: தெருக்கள், கும்பல்கள், கதைக்கருக்கள் எல்லாம் எந்தப் பதிப்புக்கும் உதவும்.

கேள்வி: கெட்டி அட்டைப் பிரதி என்று விற்றார். வந்தது சுருள் கம்பி போட்ட நகல்.

பதில்: இது மோசடி. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. விற்பனை விளம்பரத்தை இப்போதே திரைப்பிடிப்பு எடுத்துவிடுங்கள், அவர் நீக்கிவிடக்கூடும். முகவரி ஒட்டிய உறை, கம்பிக்கட்டு, மங்கிய பக்கம் ஒன்று எனப் படம் எடுங்கள். விற்றவரோடு பேசிக்கொண்டே நாளைக் கடத்தாமல், பணம் செலுத்திய தளத்தில் கெடுவுக்குள் புகார் பதியுங்கள். "பெற்றுக்கொண்டேன்" பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். பாதிப் பணம் தருகிறேன் என்று அவர் இறங்கி வந்தாலும் முழுத்தொகையையே கேளுங்கள்.

கேள்வி: ஏழு பகடை அடங்கிய தொகுப்பு அவசியமா?

பதில்: மியூட்டன்ட்ஸுக்கு இருபது முகப் பகடை ஒன்று. சிட்டி ஆஃப் மிஸ்ட் என்ற இன்னொரு நுவார் விளையாட்டை ஆடினால் ஆறு முகப் பகடை இரண்டு.